ஷெட்டுக்கு வந்த கதவுகள்

காருக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலில் பாதி வேலை, பெயிண்ட் அடிக்காமல் காத்திருப்பது. பள்ளத்தில் பூசின பட்டி காய வேண்டும், பிரைமர் காய வேண்டும், தெருவில் போன தண்ணீர் லாரி கிளப்பிய புழுதி கீழே உட்கார வேண்டும், காற்று நிற்க வேண்டும். எல்லாம் கூடிவந்து ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தால், அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். கடையில் ஸ்ப்ரே டப்பா வாங்கிவந்து, வண்டியில் விழுந்த கீறலை நாமே மறைத்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, கடைசியில் கீறலைவிட நீளமாகப் பெயிண்ட் வழிந்து நிற்பதைப் பார்த்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றவர்கள்தானே நீங்கள்.

எங்கள் வாசல் அஸ்தினாபுரத்தில் இருந்தது. வீட்டின் பக்கவாட்டில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம். மேலே தகரம், முன்னும் பின்னும் பிளாஸ்டிக் ஷீட், ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் எங்கள் சமையலறை ஜன்னல். என் வீட்டுக்காரர் சேகர் குரோம்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டராக இருந்தவர். சொந்தமாகச் செய்யலாம் என்று இந்த ஷெட்டைப் போட்டார். முழு வண்டியைச் சுற்றிவந்து அடிக்க இடம் போதாது. கதவு, பானெட், மட்கார்டு என்று கழற்றிக் கொண்டுவருவார்கள். நான் அதற்கு முன் தாம்பரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். சட்டையின் காலரும் கையும் ஒரே நிறமாக இருக்கிறதா, ஒன்று கொஞ்சம் வெளுத்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை. கம்பெனியை மூடியதும், ஷெட்டில் கதவுகளைத் தண்ணீர்விட்டு எமெரி தாளால் தேய்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அந்த மார்கழியில் அவருக்கு மூச்சு இழுத்தது. பனி என்று நினைத்தோம். டாக்டர், பெயிண்டில் கலக்கிற தின்னர்தான் காரணம் என்றார். நெஞ்சு கெட்டிருக்கிறது, இனிமேல் அந்த வாசனை பக்கமே போகக் கூடாது, மீறிப் போனால் தன் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தால் ஷெட்டில் ஒரு கதவு பிரைமரோடு நின்றுகொண்டிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அது கேம்ப் ரோடு பக்கம் குடியிருந்த வங்கி ஊழியர் ஒருவருடைய கதவு. இளநீலம். யார் அடிப்பது என்று நாங்கள் பேசி முடிவு செய்ததாக ஞாபகம் இல்லை. சாயந்திரம் அவர் காலியான கன்னை என் கையில் கொடுத்து, கூடத்துச் சுவரில் இப்படிப் போய் இப்படி வா என்று பழக்கினார். மறுநாள் எங்கேயோ போய், இரண்டு பக்கமும் காற்றை வடிகட்டுகிற டப்பி வைத்த முகமூடி ஒன்றை வாங்கிவந்தார். தனக்கு வந்தது எனக்கு வரக் கூடாது என்றார். பிறகு சமையலறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்.

தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு கன்னை அழுத்தினேன். நீலம் ஒரு மூச்சுக்காற்று மாதிரி வெளியே வந்தது. தகரத்து ஓட்டைகளின் வழியாக இறங்கிய வெயில் கம்பிகளுக்குள் அது மிதந்தது. அந்தப் பனிக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், அவர் கை இடமிருந்து வலமாகப் போனது. என் கையும் போனது. கொஞ்ச நேரத்தில் எது அவர் கை, எது என் கை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தூக்கத்தில் யாரோ நம்மை நடத்திக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. பாதிக் கதவில் கரண்ட் போய்விட்டது. கன்னுக்குக் காற்று தருகிற கம்ப்ரஸரின் இரைச்சல் நின்றதும் தெருவே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நான் பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தேன். அவர் கை நிற்கவில்லை. போ, போ என்றது. டேங்கில் மிச்சமிருந்த காற்றிலேயே போனேன். பனி மெலிந்துகொண்டே வந்து, கதவின் கடைசி ஓரத்தில் கன் பெருமூச்சுவிட்டு நின்றது.

ரெண்டு நாள் கழித்து வந்த வங்கிக்காரர் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துச் சொன்னார்: “சேகர் கைன்னா தனிதாங்க. வேற யார் அடிச்சிருந்தாலும் நான் கண்டுபிடிச்சிருப்பேன்.”

நீல மல்லி

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்கா வீடு. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், தனியாக இருந்தார். அவருடைய மல்லிக்கொடி பாதி எங்கள் சுவர்மேல்தான் படர்ந்திருந்தது. தின்னர் நாற்றம் தாங்கவில்லை என்று அடிக்கடி சுவருக்கு மேலாகத் தலையை நீட்டிச் சொல்வார். நியாயம்தான். அதனால் அவர் காலையில் பஜனைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் கன்னை எடுப்போம்.

ஒரு நாள் மினுமினுக்கிற நீலத்தில் ஒரு பானெட் அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்பியதும் நம் பக்கம் கடல்காற்று வரும் இல்லையா, அது அன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. பிளாஸ்டிக் ஷீட் ஒரு முறை புடைத்து விலகியது. அவ்வளவுதான். நீலப் புகை சுவரைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். சாயந்திரம் சரோஜா அக்கா பூப் பறிக்க வந்தபோது மொட்டுகள் எல்லாம் ஒரு பக்கம் வெள்ளையாகவும் ஒரு பக்கம் நிலா வெளிச்சம் பட்ட மாதிரி நீலமாகவும் இருந்தன. நான் சுவரோரம் நின்று, வேறு பூ வாங்கித் தருகிறேன் அக்கா என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். மொட்டுகளைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இனி பேச்சுவார்த்தை கிடையாது என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் சுவருக்கு மேலே தலை தெரிந்தது. முகத்தில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அக்கா சொன்னார்: “சாமி ஒண்ணும் சொல்லல. பஜனைக்கு வந்தவங்கதான், பூ எங்க வாங்கினீங்கன்னு கேட்டு உயிரை எடுத்துட்டாங்க.”

தண்ணீர் என்று நினைத்து வந்தது

பாஸ்கர் பொழிச்சலூர்க்காரர், ஏர்போர்ட்டில் டாக்ஸி ஓட்டுபவர். வெள்ளி நிற பானெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாயந்திரம் வருவதாகச் சொல்லிப் போனார். ஐப்பசி மாதம். மழை வருகிற மாதிரி வானம் மூடியிருந்தது, ஆனால் பெய்யவில்லை. கடைசிப் பூச்சு அடித்துவிட்டு நிமிர்ந்தேன். ஸ்டாண்டின் மேல் படுத்திருந்த பானெட், அசையாத ஒரு குட்டை மாதிரி இருந்தது. ஷீட்டைக் காற்றுக்காகக் கொஞ்சம் விலக்கிவைத்தேன். தும்பிகள் உள்ளே வந்தன.

மழைக்கு முன்னால் தாழப் பறக்குமே, அந்தத் தும்பிகள். பானெட்டுக்கு மேலே வட்டம் போட்டன. நான் கையை வீசினால் விலகி, திரும்ப வந்தன. அதில் ஒன்று இறங்கி, வால் நுனியை ஈரத்தில் தொட்டுத் தொட்டு எழுந்தது. தண்ணீரில் முட்டையிட வந்திருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. விரட்டவும் மறந்து நின்றிருந்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினால் பாஸ்கர். சவாரி சீக்கிரம் முடிந்துவிட்டதாம். முகமூடியும் கன்னுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அண்ணன் எங்கே என்றார். சேகர் சமையலறையிலிருந்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட் வாசல் வரைக்கும் வந்தார். வரக் கூடாது, ஆனால் வந்தார். “அண்ணன் அடிக்கிறதில்ல பாஸ்கர். இவதான் அடிக்கிறா. ரொம்ப நாளா இவதான்” என்று சொல்லிவிட்டு, மூச்சுக்காக உடனே வெளியே போனார்.

வேலையைப் பற்றிப் பேசினால்தான் சரியாகும் என்று, வால் பட்ட இடத்தைக் காட்டினேன். சிறு சிறு புள்ளிகளாக ஒரு வரிசை, பக்கத்தில் இறக்கை உரசின ஒரு கோடு. நாளைக்குத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்துத் தருகிறேன் என்றேன். பாஸ்கர் குனிந்து, கன்னத்தைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராக ரொம்ப நேரம் பார்த்தார். மேலே ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு மேகத்துக்குள்ளிருந்து இறங்கிப் போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்து சொன்னார்: “இருக்கட்டும் அக்கா. ஏர்போர்ட் வண்டிதானே, இதுவும் ஒண்ணு இறங்கிட்டுப் போச்சுன்னு வெச்சுக்கறேன்.”

இரண்டு வெள்ளை

பாஸ்கர் வாய் சும்மா இருக்குமா? ஏர்போர்ட் டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. பொம்பளை பெயிண்ட் அடிக்கிறாள் என்று சில பேர் வருவதை நிறுத்தினார்கள். சில பேர் வேடிக்கை பார்க்கவே வந்தார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு பெரியவர் மட்டும் வேலைக்கும் வேடிக்கைக்குமாகச் சேர்த்து வந்தார். அவர் குடும்பத்து நெல்வயல் எல்லாம் மனைகளாகிவிட்டன. கைக்கு வந்ததில் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி, பிள்ளையைவிடச் செல்லமாக வைத்திருந்தார். அதன் கதவை எங்களிடம் விட்டுவிட்டு, தானும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

வெள்ளையை அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சங்கடம் தெரியும். பால் ஒரு வெள்ளை, சுண்ணாம்பு ஒரு வெள்ளை, முட்டை ஓடு ஒரு வெள்ளை. ஒரு சொட்டுக் கறுப்பும் ஒரு சொட்டு மஞ்சளும் விட்டு, பெரியவரின் வெள்ளையை மத்தியான வெயிலில் பிடித்துவிட்டேன். கதவை மாட்டினால் எது பழையது, எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. பெரியவர் தலையாட்டினார். சாயந்திரம் வெளிச்சம் சாய்ந்தது. கதவு மெதுவாக, யாரும் தொடாமலே, வண்டியைவிட்டு விலகிப்போக ஆரம்பித்தது. வண்டி வெண்ணெய் நிறத்துக்குப் போயிற்று, கதவு சங்கு நிறத்துக்குப் போயிற்று. நாங்கள் மூவரும் தெருவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் வேறு கலவையில் மறுபடி அடித்தேன். சாயந்திரம் பிடித்த நிறம் மத்தியானம் கைவிட்டது. வண்டியின் இந்தப் பக்கம் வெயிலில் நின்று நின்று பழுத்த வெள்ளை, அந்தப் பக்கம் நிழல் வெள்ளை, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு வெள்ளை கிடையாது என்று சேகர் ஜன்னலைத் திறந்து சொன்னார். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: “வுடும்மா. மத்தியானத்துல எவன் வண்டியோ மாதிரி கீது, சாயங்காலம் என் வண்டி மாதிரி கீது. ஊர்ல ரெண்டு வண்டி வெச்சிக்கினு கீறேன்னு சொல்லிக்கிறேன்.”

பலகை

கன்னியம்மா அக்காவை அனுப்பியது பாஸ்கர்தான். கடற்கரைக் குப்பம் ஒன்றில் இருந்தவர். விடிகாலையில் மீன் ஏலம் எடுத்து, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கமெல்லாம் கூடையில் கொண்டுபோய் விற்றவர். சுனாமியில் அவர்கள் படகு போய்விட்டது. வீட்டுக்காரர் அதற்கப்புறம் கடலுக்குப் போகவில்லை. ரெண்டு பேருமாகச் சேர்ந்து, மீன் கொண்டுபோக ஒரு பழைய மினி வேன் வாங்கியிருந்தார்கள். அதன் கதவு துருப்பிடித்து ஓட்டையாகி, மாற்றி வாங்கிய கதவு வேறு நிறம். கதவோடு, சாக்கில் சுற்றிய ஒரு பலகைத் துண்டையும் அக்கா ஆட்டோவிலிருந்து இறக்கினார். படகில் மிஞ்சியது அதுதானாம். இந்தக் கலரு வேணும் என்றார்.

பலகையில் பச்சை இருந்தது. நீலம் என்றும் சொல்லலாம். உப்பும் வெயிலும் தின்று, ஓரங்களில் சாம்பலாகி, நடுவில் மட்டும் ஏதோ ஒரு நிறம். பலகையைத் திருப்பியபோது, இன்னொரு கட்டை மூடியிருந்த இடத்தில், வெயிலே படாத ஒரு பட்டை தெரிந்தது. கிளிப் பச்சை, பளீரென்று. இதுதான் படகின் அசல் நிறம், அக்காவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அதைப் பிடித்துக் கலக்கி, ஒரு தகரத் துண்டில் அடித்துக் காட்டினேன். என் கண்ணுக்கு அச்சு அசலாக இருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கவே இல்லை. யார் வூட்டுப் படகு இது என்பது போலப் பார்த்தார்.

மறுபடி கலக்கினேன். பச்சையில் சாம்பலைச் சேர்த்து, பிறகு நீலத்தை, பிறகு கொஞ்சம் வெள்ளையை. ஒவ்வொரு தகரமாக வெயிலில் வைத்துப் பார்த்தோம். ஒன்றின் மேல் பாதி மேகம் வந்து நிழல் விழுந்தபோது, அக்கா சட்டென்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். புடவைத் தலைப்பால் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லை. அசல் நிறம் பளிச்சென்று இருந்ததே, அது ஏன் வேண்டாம் என்று கேட்டேன். கன்னியம்மா அக்கா சொன்னது இது: “அது வாங்கின அன்னிக்கி இருந்த கலரும்மா, எனுக்கு அது எங்க ஞாபகம் கீது? நான் கரையில நின்னுகினு தெனம் தேடினது இத்தத்தான்.”

கறுப்பு

கார்த்திகை மழையில் யாரும் கறுப்பு அடிக்கக் கூடாது. நான் அடித்தேன். பம்மலில் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று பானெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். முடியாது என்று சொல்ல முடியவில்லை. காற்றில் ஈரம் இருந்தால் கறுப்பு காயும்போது பால் மாதிரி வெளுத்துப்போகும். என் கண்ணெதிரில் அது நடந்தது. விடிகாலையில் ஏரிமேல் பனி எழும்புமே, அந்த மாதிரி பானெட்டின் உள்ளிருந்து ஒரு வெண்மை எழுந்து பரவிற்று. துடைத்து, தேய்த்து, மறுபடி அடித்தேன். மறுபடி எழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. மெதுவாகக் காய்கிற தின்னர் ஒன்று உண்டு, அதைக் கலந்தால் சரியாகும் என்று சேகர் ஜன்னல் வழியே சொன்னார். அதை வாங்கவும் என் முகமூடிக்கு டப்பி மாற்றவும் தாம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

மழையில் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க வண்டிகள் நின்றன. திரும்பி எங்கள் தெருமுனைக்கு வரும்போதே கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. ஓடினேன். பழைய டின் ஒன்றின் அடியில் அந்தத் தின்னர் கொஞ்சம் இருந்ததை அவர் கண்டுபிடித்திருக்கிறார். நான் ஷீட்டை விலக்கியபோது அவர் கடைசிப் பூச்சை முடித்துக்கொண்டிருந்தார், முகத்தில் வெறும் துண்டு. பானெட் கண்ணாடி மாதிரி இருந்தது. தகரக் கூரை, அதில் எரிகிற பல்பு, வாசலில் நனைந்து நிற்கிற நான், எல்லாம் அதற்குள் ஆழத்தில் தெரிந்தன. அவர் கன்னை ஜாக்கிரதையாகக் கொக்கியில் மாட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், விசில் மாதிரி மூச்சுதான் வந்தது. உதடு நீலமாக இருந்தது. பாஸ்கருக்குப் போன் செய்தேன். ஏர்போர்ட்டிலிருந்து அந்த மழையில் அவர் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சரோஜா அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்கு அப்போது கோபப்படத் தெம்பில்லை, பிற்பாடு நிறையப் பட்டேன். மறுநாள் மத்தியானம் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். மழை விட்டு, வார்டு ஜன்னல் வழியாக வெளுத்த வெயில் அவர் கட்டிலில் விழுந்திருந்தது. நல்ல தூக்கம். வலது கை மட்டும் போர்வைக்கு மேலே இடமிருந்து வலமாகப் போய், ஓரத்தில் கொஞ்சம் நின்று, திரும்பி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் தூக்கத்துல யாருக்கோ டாட்டா காட்டிக்கிட்டே இருக்காரும்மா.”

எல் போர்டு

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சமையலறை ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. நான் ஷெட்டில் இருந்தால் அவர் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். சாப்பிடுவார், படுப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். வீட்டில் ஒரு ரேடியோவை அணைத்து வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை இல்லாமல் நான் அடித்த முதல் கதவு நன்றாகவே வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்போது பாஸ்கர்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில், அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. வாழ்நாள் முழுக்கக் காரோடு இருந்தவருக்கு ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாது. எங்களுக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றியதே இல்லை. பாஸ்கர் கையோடு கூட்டிப்போய், தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்.

முதல் நாள் போய்விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். முகம் வேறு மாதிரி இருந்தது. பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “நான் இத்தனை வருஷமா நிக்கிற கதவைத்தான் பார்த்திருக்கேன் கலா. ஓடும்போது அது வேற நிறமா இருக்கு” என்றார். பிறகு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பைபாஸில் முன்னால் போன ஒரு பச்சை வண்டி மரநிழலில் கறுப்பாகி, வெயிலில் மறுபடி பச்சையானதாம். பாலத்தின் மேல் ஏறியபோது எதிரில் வந்த வண்டிகளின் பானெட்டுகளில் எல்லாம் வானம் ஓடிக்கொண்டிருந்ததாம். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இவ்வளவு பேசி ரொம்ப நாளாகியிருந்தது. அதன் பிறகு தினமும் சாயந்திரம் எனக்கு இந்தக் கதைதான். எந்த இடத்தில் எந்த நிறம் என்ன ஆயிற்று என்று சொல்வார். கிளட்ச், கியர் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்.

அது ஏன் என்று சீக்கிரமே தெரிந்தது. ஒரு நாள் காலையில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரே எங்கள் வாசலில் வந்து நின்றார். கூட ஸ்கூலின் மஞ்சள் கார், அதன் இடது கதவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு சிராய்ப்பு. பக்கத்தில் சேகர், தலையைக் குனிந்துகொண்டு. விளக்குக் கம்பத்தில் உரசிவிட்டாராம். மாஸ்டர் கதவைக் கழற்றி ஷெட்டில் வைத்தார். பிறகு, இவருக்கு ஓட்ட வருமா, வராதா, உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மாஸ்டர் சொன்னார்: “நல்லா வருதும்மா. ஆனா பக்கத்து வண்டி கலர் நல்லா இருந்தா, அது எங்க போகுதோ அங்கயே இவரும் போயிடறார்.”

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒருவர் சிராய்த்துக்கொண்டு வர ஒருவர் பூசிக் கொடுப்பது என்று ஆகிவிட்டது, வேலை தட்டுப்பாடில்லாமல் கிடைக்க இதைவிட நல்ல ஏற்பாடு உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.